நியூட் கடித்துச் செத்தவள்

போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு அக்கா மகன் போன் போட்டான். "மாமா, மறுபடியும் செத்துட்டேன்." பக்கத்தில் அக்கா மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கு என் கதி அதோகதி. நெட்ஹேக்கைக் காட்டி அவனைக் கெடுத்தது நான்தான். எட்டு நாளில் பதினோரு கேரக்டர்களைப் பறிகொடுத்திருக்கிறான். ஒன்றுகூட நாலாவது லெவலைத் தாண்டவில்லை.

தெரியாதவர்களுக்காக: நெட்ஹேக் 1987ல் வந்த கம்ப்யூட்டர் ஆட்டம். அதற்கு முன்னால் ஹேக், அதற்கும் முன்னால் 1980ல் ரோக் என்று ஒரு வம்சாவளி உண்டு. இன்றைக்கும் இலவசம். படமும் கிடையாது, பாட்டும் கிடையாது. கருப்புத் திரையில் @ என்று நிற்பது நீங்கள். புள்ளிகள் தரை, # நடைபாதை, % சாப்பாடு. அங்கங்கே நகரும் ஆங்கில எழுத்துகளில் முக்கால்வாசி உங்களைக் கடிக்க வருபவை. நிலவறை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாக முளைக்கும். அடிவரைக்கும் இறங்கி, யெண்டோரின் தாயத்தை எடுத்துக்கொண்டு திரும்ப மேலே ஏறி வரவேண்டும். செத்தால் செத்ததுதான், பழைய சேவ் என்று எதுவும் மிஞ்சாது.

(பதினைந்து வருடத்துக்கு மேல் ஆடுகிறேன். அந்தத் தாயத்தை நான் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. அந்தத் தகுதியோடுதான் இதை எழுதுகிறேன்.)

நம்ம ஆள் எடுத்திருந்த கேரக்டர் டூரிஸ்ட். கையில் கேமரா, உடம்பில் பூப்போட்ட ஹவாய் சட்டை, பை நிறையப் பணம், சண்டைக்குச் சுத்த பூஜ்யம். "ஜாலியா இருக்கும்னு எடுத்தேன் மாமா." ஜாலிதான், எதிரே வருகிற குள்ளநரிக்கு. மொத்தம் பதிமூன்று வகைக் கேரக்டர்கள் இருக்கின்றன. புதிதாக ஆடுபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வால்கிரி என்கிற வீராங்கனையை எடுங்கள், அதிலும் குள்ளர் இனத்து வால்கிரியை. கையில் நீண்ட வாள் இருக்கும், குளிர் தாக்காது, சத்தமில்லாமல் நடப்பாள். இரண்டிலிருந்து நாலாவது லெவலுக்குள் நோம்கள் என்கிற குட்டி மனிதர்களின் சுரங்கத்துக்கு ஒரு வழி பிரியும். குள்ளர் இனம் என்றால் அங்கே பெரும்பாலானவர்கள் உங்களை ஒன்றும் செய்ய மாட்டார்கள். மனித வால்கிரி போனால் கோடாரியும் குந்தாலியுமாகச் சுற்றி வளைத்துவிடுவார்கள்.

கேரக்டர் விஷயம் அவ்வளவுதான். உண்மையான சிக்கல் விரல். புதிதாக ஆடுபவர்களில் பெரும்பாலானவர்கள் பலம் போதாமல் சாவதில்லை, அவசரப்பட்டுச் சாகிறார்கள் என்பது என் கட்சி. நீங்கள் ஒரு விசையை அழுத்தாதவரைக்கும் இந்த ஆட்டத்தில் எதுவும் அசையாது. டிராகன் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்போதே எழுந்துபோய் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அது அப்படியேதான் நிற்கும். இந்த வசதியை வைத்துக்கொண்டுதான் நாம் பஸ்ஸில் ஸீட் பிடிக்கிற வேகத்தில் விசைகளைத் தட்டுகிறோம்.

என் கதையையே சொல்கிறேன். ஒரு ஆபீஸில் இரவுப் பணியில் சர்வர் பார்த்துக்கொண்டிருந்த காலம். என் வால்கிரி எட்டாவது அனுபவ நிலைக்கு வந்திருந்தாள். நல்ல கவசம், நல்ல இரும்புத் தொப்பி. நடைபாதையில் நீல நிறத்தில் ஒரு 'ஈ'. நம்ம ஊர் ஈ இல்லை, ஆங்கில எழுத்து. ரொம்ப மெதுவாக நகர்ந்தது, என்னைச் சீண்டவும் இல்லை. போகிற போக்கில் ஒரு வெட்டு வெட்டினேன். அது மிதக்கும் கண். கைச்சண்டையில் அதை அடித்தால் அதன் பார்வை பட்டு நீங்கள் உறைந்துபோவீர்கள், சில சமயம் நூறு டர்னுக்கு (ஒரு நகர்வு ஒரு டர்ன்) மேலேகூட. நான் உறைந்து நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு நியூட் வந்தது. பல்லி மாதிரி ஒரு ஜந்து, ஆட்டத்திலேயே நோஞ்சான். ஒரு கடிக்கு ஒன்றிலிருந்து மூன்று உயிர்ப்புள்ளிதான் போகும். கடித்தது. கடித்துக்கொண்டே இருந்தது. அடுத்து திரையில் ஒரு கல்லறை, அதில் என் பெயர், நியூட் கையால் மரணம் என்று கீழே ஒரு வரி. விடியற்காலை மூன்றரை மணிக்கு யாரிடம் போய் அழுவது?

இத்தனைக்கும் அந்தக் கண்ணைத் தூரத்திலிருந்தே கத்தி வீசிக் கொன்று, அதைத் தின்றிருந்தால் எனக்குத் தொலையுணர்வு கிடைத்திருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டால், மூளையுள்ள ஜந்துக்கள் அந்த லெவலில் எங்கெங்கே நிற்கின்றன என்று தெரிந்துவிடும். கொல்ல வந்ததும் அதுதான், வரமும் அதுதான்.

அதனால் நான் சொல்லிக்கொடுக்கிற முதல் விசை அரைப்புள்ளி (;) தான். அதை அழுத்தி, தெரியாத எழுத்தின்மேல் கர்சரைக் கொண்டுபோய் வைத்தால் அது என்ன, சாதுவா என்று ஆட்டமே சொல்லும். ஒரு டர்ன்கூடச் செலவாகாது. தெரியாத எழுத்தை இப்படிப் பார்க்காமல் தொடவே கூடாது.

சாது என்றதும் இன்னொன்று. சாதுவான ஜந்துமேல் மோதினால் "நிஜமாகவே தாக்கவா?" என்று கேட்கும். ஆமாம் என்பதற்கு ஆங்கில 'ஒய்'. வேடிக்கை என்னவென்றால், எழுத்து விசைகளால் நகர்கிறவர்களுக்கு மேல்-இடது மூலைக்குப் போகவும் அதே 'ஒய்'தான். சுரங்கக் கூட்டத்தில் அந்தத் திசையில் தடதடவென்று தட்டிக்கொண்டு போனால், கேள்வி வந்ததும் தெரியாது, பதில் சொன்னதும் தெரியாது. அப்பாவிக் குள்ளன் செத்துக் கிடப்பான், உங்கள் அதிர்ஷ்டத்தில் ஐந்துகூடக் குறைந்திருக்கலாம். அது 600 டர்னுக்கு ஒன்றாகத்தான் தேறும், ஆக மொத்தம் 3000 டர்ன். அதுவரைக்கும் நீங்கள் செய்கிற பிரார்த்தனை எதுவும் பலிக்காது. 3.6 பதிப்பிலிருந்து இதற்கு ஒரு செட்டிங் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் முழுசாக 'யெஸ்' என்று தட்டினால்தான் வாள் இறங்கும். முதல் வேலையாக அதைப் போடுங்கள்.

பிரார்த்தனைதான் புதியவர்களின் உயிர்க்கவசம். அதையும் தப்பான நேரத்தில் வீணடிக்கிறார்கள். ஆரம்பத்தில் சாமிக்கு உங்கள்மேல் சுமார் 300 டர்ன் அலுப்பு இருக்கும், அது ஓடி முடியட்டும். அதன்பிறகு உயிர்ப்புள்ளி மொத்தத்தில் ஏழில் ஒரு பங்குக்குக் கீழே, அல்லது ஐந்துக்கு வந்துவிட்டால் கும்பிடுங்கள், முழுசாக ஏற்றிவிடும். பசிக்கும் அப்படித்தான். 'பசி' என்று காட்டியதும் பதறிப்போய் மூட்டையைப் பிரிக்காதீர்கள். 'பலவீனம்' என்று வரும்வரை பொறுத்து, அப்போது கும்பிட்டால் வயிறும் நிறையும், மூட்டையும் மிச்சம். ஒருமுறை கும்பிட்டால் அடுத்த 1000 டர்னுக்கு அந்தப் பக்கமே போகக்கூடாது.

மீதி எல்லாம் சில்லறை. கும்பலோடு சண்டை வந்தால் மாடிப்படியில் நின்று போடுங்கள். ஏறி ஓடினால் உங்களை ஒட்டி நிற்பவை மட்டும்தான் கூட வரும். நீல நிற 'ஏ' வந்தால் ஓடாதீர்கள், அது சிப்பாய் எறும்பு, உங்களைவிட ஒன்றரை மடங்கு வேகம். உங்கள் கையால் இப்போது செத்ததைத்தான் தின்ன வேண்டும், தரையில் முன்பே கிடந்த பிணம் கெட்டுப்போனதாக இருக்கும். குந்தாலியோடு வந்தால் கடைக்காரர் உள்ளே விட மாட்டார், வெளியே வைத்துவிட்டுப் போங்கள். கூடவே வருகிற நாயோ பூனையோ ஒரு பொருளை மிதிக்கத் தயங்கினால் அது சாபம் பிடித்த பொருள், நீங்களும் தொடாதீர்கள்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பது ஏமாற்று வேலை, தானாகச் செத்துச் செத்துத்தான் கற்கவேண்டும் என்கிற கோஷ்டி ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயரில் இருக்கும் 'நெட்' எதற்கு? இணையத்தில் ஆங்காங்கே இருந்தவர்கள் யூஸ்நெட் என்கிற அந்தக் கால விவாதக் குழுக்களில் பேசிப் பேசி உருவாக்கிய ஆட்டம் என்பதற்கு. ஆட்டத்துக்குள்ளேயே காசு வாங்கிக்கொண்டு குறி சொல்கிற ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஃபார்ச்சூன் குக்கீயைப் பிரித்தால் துண்டுச்சீட்டில் துப்பு வரும், அதில் பாதி புளுகு. விசாரித்துத் தெரிந்துகொள்வதை ஆட்டமே ஒத்துக்கொள்கிறது. ஒரேயடியாகக் கொல்பவை எவை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதை நீங்களே கண்டுபிடியுங்கள். சேவ் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொள்கிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். அப்புறம் அந்த நியூட் கடித்தால் வலிக்காது.

நேற்று ராத்திரி மறுபடி மெசேஜ். பன்னிரண்டாவது கேரக்டர், குள்ளர் வால்கிரி. பலவீனம் வந்ததும் கும்பிட்டானாம், பலித்ததாம். அடுத்த நிமிஷமே இன்னொன்று: "மாமா, பச்சை கலர்ல ஒரு பெரிய எஃப் வழியில நிக்குது. நகரவே மாட்டேங்குது. அடிச்சுட்டுப் போயிடவா?"

பதிலுக்கு ஒரே ஒரு அரைப்புள்ளி அனுப்பினேன்.