ட்ரிப்யூனைத் தூக்கி நிறுத்தியவர் ஹன்னா

நைஜீரியன் ட்ரிப்யூன் பத்திரிகை என்றதும் அந்த நாட்டு அரசியல் தலைவர் ஒபஃபெமி அவோலோவோ பெயரைத்தான் சொல்கிறார்கள். 1949 நவம்பரில் நைஜீரியாவின் இபாதான் நகரில் அதை ஆரம்பித்தவர் அவர், சரி. ஆனால் அது இன்றைக்கும் வருகிறதென்றால் அதில் அவர் மனைவி ஹன்னாவுக்குப் பெரிய பங்கு உண்டு, அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஹன்னா ஒரு வியாபாரி. 1944இல் கணவர் சட்டம் படிக்க லண்டன் போனபோது பிள்ளைகளையும் வீட்டையும் தன் வியாபாரத்தை வைத்தே பார்த்துக்கொண்டார், அப்புறம் துணி மொத்த வியாபாரம், சிகரெட் கம்பெனி ஏஜென்சி என்று பெரிதாக வளர்ந்தார். நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யொரூபா இனப் பெண்கள் சந்தையில் தனக்கென்று தொழில் வைத்துக்கொள்வது அங்கே வழக்கம்தான். நைஜீரியாவின் மேற்கு மாகாணத்துக்கு முதலமைச்சராக (பிரிமியர்) இருந்த அவோலோவோ 1955இல் இலவச ஆரம்பக் கல்வி கொண்டுவந்ததை எல்லோரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். அவர் முழுநேரமும் அரசியலில் ஓடிக்கொண்டிருந்தபோது வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்பதையும் பேசலாமே?

1963ஐ நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது. அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக அவோலோவோ மீது வழக்கு நடக்கிறது. அந்த ஜூலையில் மூத்த மகன் செகுன் கார் விபத்தில் இறந்துபோகிறார். அடுத்த இரண்டு மாதத்தில் கணவருக்குப் பத்தாண்டு சிறை. இவ்வளவுக்குப் பிறகும் ஹன்னா வீட்டுக்குள் முடங்கவில்லை, 1964 தேர்தலில் கணவரின் கட்சிக்காக ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்டார். 1966இல்தான் கணவர் வெளியே வந்தார்.

ட்ரிப்யூன் ஒரு கட்சிக்காரர் நடத்திய பத்திரிகைதானே, அதில் நடுநிலை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. குடும்பத் தலைவரின் கட்சியை வீட்டுப் பத்திரிகை கடுமையாக விமர்சிக்கும் என்று நானும் நம்பவில்லை. ஆனால் எதிர்க்கட்சித் தலைவரையே உள்ளே தள்ளிய காலத்தில் அவர் தரப்பைச் சொல்ல ஒரு பத்திரிகை இருந்தாக வேண்டும். அரசாங்கத்தின் குரல் மட்டும் கேட்கிற நாட்டைவிட, சார்புள்ள நாலு பத்திரிகைகள் சண்டை போடுகிற நாடு எவ்வளவோ மேல்.

1987இல் அவோலோவோ காலமானார். எழுபதைத் தாண்டிய ஹன்னா பத்திரிகை நிறுவனத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றார். பதிப்பாளராக இருந்த மகன் ஒலுவோலேயும் 2013இல் போய்விட்டார். பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகும் அவர் பொறுப்பை விட்டு விலகவில்லை. 2015 செப்டம்பரில், நூறாவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இறந்தார். அதன்பின் மருத்துவரான மகள் டோகுன்போ பொறுப்புக்கு வந்தார். ட்ரிப்யூனின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஹன்னாவை 'நிறுவனரின் மனைவி' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்.