கெய்ரோவில் கூட்டுக்குடும்பம் ஒழிந்துவிடவில்லை

"கெய்ரோ மக்கள் பாலைவனத்துப் புது நகரங்களுக்குக் குடிபோய்விட்டார்கள், கூட்டுக்குடும்பம் அங்கே ஒழிந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்; நகர விளிம்பின் செங்கல் வீடுகளைச் 'சேரி' என்றும் சொல்லியிருக்கிறார். இது தவறான சித்திரம்.

1979-இல் தொடங்கிய அக்டோபர் 6 நகரமும் 2000-இல் உருவான நியூ கெய்ரோவும் வளர்ந்திருக்கின்றன, சரி. ஆனால் இந்த நகரங்கள் பல ஆண்டுகளாகத் திட்டமிட்ட மக்கள்தொகையை எட்டவே இல்லை. வீடு வாங்கிப் பூட்டி வைப்பவர்கள் அங்கே நிறைய. கார் இல்லாதவர்களுக்கு வேலைக்குப் போய்வருவதே பெரும்பாடு.

பெருவாரியான மக்கள் போனது வேறு இடத்துக்கு. நகர விளிம்பின் வயல்களில், அனுமதி இல்லாமலே எழுந்த செங்கல் கட்டடங்களுக்கு. இம்பாபா, பூலாக் அல் தக்ரூர் பக்கம் போனால் பூச்சு இல்லாத சிவப்புச் சுவர்கள்தான் கண்ணில் படும். பல வீடுகளின் மொட்டைமாடியில் கம்பிகள் துருத்திக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துக் 'கட்டி முடிக்காத வீடு' என்று நினைத்துவிடாதீர்கள், அது மகனின் கல்யாணத்துக்கான ஏற்பாடு. எகிப்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் வீடு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது வழக்கம். அதனால் அப்பா கீழ்த்தளத்தில் இருக்க, பணம் சேரச் சேர மேலே ஒவ்வொரு மகனுக்கும் ஒரு தளம் எழும்பும். அடுப்பு தனித்தனி, மாடிப்படி ஒன்று.

மதில் சுவர் வைத்த குடியிருப்புகளில் தனிக்குடித்தனம் கூடியிருப்பது உண்மைதான். ஆனால் அது வசதியுள்ளவர்களின் கதை. விளம்பரப் பலகைகளை வைத்து மொத்த நகரத்தையும் அளக்காதீர்கள். அப்புறம், அந்தச் செங்கல் வீடுகளை வெறும் 'சேரி' என்று எழுதியதையும் தயவுசெய்து மாற்றுங்கள். அங்கே ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும்கூடக் குடியிருக்கிறார்கள்.