நிழல் விழுந்த பிறகு புல் எங்கே?
பைன் வரிசைகளுக்கு நடுவே ஸ்விட்ச்கிராஸ் (உயிரி எரிபொருளுக்காகப் பயிரிடும் உயரமான பல்லாண்டுப் புல்) வளர்த்தால் மரம் முதிரும் வரை ஆண்டுதோறும் வருமானம் என்று இந்தக் கட்டுரை போடும் கணக்கு இடிக்கிறது. அமெரிக்கத் தென்கிழக்கின் லாப்லாலி பைன் இறுதி வெட்டுக்கு வர 25 ஆண்டுகள்கூட ஆகலாம். வழக்கமான இடைவெளியில் நட்டால் பத்து வயதுக்குள்ளேயே கிளைகள் கைகோத்து வெயிலை மறைத்துவிடும். இந்தப் புல்லோ முழு வெயில் கேட்கும் ரகம். வேர்பிடித்து முழு விளைச்சலுக்கு வரவே இரண்டு மூன்று ஆண்டுகள் போய்விடும். மிச்சம் எத்தனை அறுவடை? பைனையே அகற்றிவிட்டுப் புல்லை நடலாம் என்று மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். நிழல் தொல்லை தீரும், சரி. ஆனால் மரம் நின்ற இடத்திலேயே நல்ல விலைக்குக் காத்திருக்கும். அறுத்த புல்லை வாங்க அருகில் ஆலை இல்லையென்றால் கட்டுக்கட்டாக மழையில் மட்கும். புல்லுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு: உறைபனிக்குப் பின் அறுத்தால் அதன் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பெரும்பகுதி வேருக்கு இறங்கியிருக்கும், உரச்செலவு குறையும். கட்டுரை இதைத் தொடவே இல்லை.