அந்த இரண்டு கிளப்புகளோடு முடிந்துவிடுவதில்லை

ஸ்காட்லாந்து கால்பந்து என்றாலே செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரண்டு கிளப்புகள்தான் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரை சொல்கிறது. லீக் பட்டத்தை வைத்துப் பார்த்தால் சரிதான். 1985இல் அபர்டீன் ஜெயித்த பிறகு 2025 வரை பட்டம் இந்த இருவரைத் தாண்டிப் போகவில்லை. ஆனால் ரசிகர்களின் கதை வேறு.

நான் பல வருடமாக ஹிபர்னியன் பக்கம். எடின்பரோவின் லீத் பகுதி அணி. 1902இல் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றவர்கள், அப்புறம் பத்து இறுதிப் போட்டிகளில் தோற்றார்கள். 2012 இறுதிப் போட்டியில் அதே ஊர் அணியான ஹார்ட்ஸிடம் 5-1 என்று வாங்கியது இன்னும் வலிக்கிறது. தாத்தா பார்க்காத கோப்பை, அப்பா பார்க்காத கோப்பை. ஆனாலும் பேரன் அதே பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனான்.

2016 மே 21, ஹாம்ப்டன் பார்க் மைதானம், மறுபடியும் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப் போட்டி. எதிரில் ரேஞ்சர்ஸ். 80ஆவது நிமிடம் வரை 2-1 எனப் பின்தங்கியிருந்தோம். எங்கள் ஸ்டோக்ஸ் சமன் செய்தார். 90 நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்காகச் சேர்த்த நிமிடங்களில் ஹென்டர்சன் கார்னர் அடிக்க, கேப்டன் டேவிட் கிரே தலையால் முட்டி உள்ளே தள்ளினார். 3-2! 114 வருடக் காத்திருப்பு அந்த ஒரு முட்டலில் தீர்ந்தது. நான் அழுதேவிட்டேன்.

அந்த கிரேதான் 2024இல் ஹிபர்னியனின் பயிற்சியாளராகவும் ஆனார். எங்கள் ஈஸ்டர் ரோடு மைதானத்தைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதுங்கள், ஆசையாகக் காத்திருக்கிறேன்.