அண்ணாச்சி நெட்வொர்க் மாறுகிறார்

(அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரீசார்ஜ் கடை. ஜெராக்ஸும் உண்டு, ஆதார் அட்டைக்கு லேமினேஷனும் உண்டு. மளிகைக் கடை அண்ணாச்சி உள்ளே வந்து போனை மேசைமேல் பொத்தென்று போடுகிறார்.)

அண்ணாச்சி: தம்பி, இந்தக் கம்பெனியை இன்றைக்கே வெட்டி விடு.

தம்பி: முதலில் உட்காருங்கள் அண்ணாச்சி. என்ன ஆயிற்று?

அண்ணாச்சி: வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. திண்ணைக்கு வந்தால் ஒன்று. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் நின்றால் மூன்று. விருதுநகரிலிருந்து பருப்பு விலை சொல்லக் கூப்பிடுகிறார்கள். ஈரப் புடவைக்குள் தலையை விட்டுக்கொண்டு வியாபாரம் பேசுகிறேன். நேற்று ஆறு மூட்டை என்றேன். அவர் காதில் நூறு மூட்டை என்று விழுந்ததோ என்னவோ, லாரி வந்தால்தான் தெரியும்.

தம்பி: 198-க்குக் கூப்பிட்டுப் புகார் சொன்னீர்களா?

அண்ணாச்சி: சொல்லாமல் இருப்பேனா? சிக்னல் இல்லை என்று சொல்வதற்கும் சிக்னல் வேண்டுமே, மாடிக்குத்தான் ஏறினேன். அந்தப் பெண் சொல்கிறது, "சார், உங்கள் குரல் ரொம்பத் தெளிவாகக் கேட்கிறதே." அம்மா, நான் மாடியில் நிற்கிறேன் என்றேன். "அப்படியே வீட்டுக்குள் போய்ப் பேசுங்கள், பார்க்கலாம்" என்றது. இறங்கினேன். மூன்றாவது படியில் கட். மறுநாள் மெசேஜ் வருகிறது, தங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது என்று.

தம்பி: புகார் எண் இருக்கிறதா? தீராமலே முடித்துவிட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கென்று ஒவ்வொரு கம்பெனியிலும் ஆள் இருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி.

அண்ணாச்சி: எங்கள் தாத்தா வரப்புக்குப் போட்ட கேஸே இன்னும் மேல்முறையீட்டில்தான் இருக்கிறது. எனக்கு அதெல்லாம் வேண்டாம். பாதியில் விலகினால் அபராதம் எவ்வளவு, அதைச் சொல்.

தம்பி: அபராதமே கிடையாது. நீங்கள் ப்ரீபெய்டு. போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி பில்லைக் கட்ட வேண்டும், ஒப்பந்தம் ஏதாவது இருந்தால் அதையும் முடிக்க வேண்டும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. இந்தக் கம்பெனிக்கு வந்து 90 நாள் தாண்டிவிட்டதா, அவ்வளவுதான் கேள்வி.

அண்ணாச்சி: தையில் வந்தேன், ஆனி நடக்கிறது. தாண்டிவிட்டது. மருமகன் பேச்சைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மொத்தமாக மூவாயிரத்துச் சொச்சம் கட்டினேனே, அதில் பாதி எப்போது கைக்கு வரும்?

தம்பி: வராது. போர்ட் ஆகிவிட்டால், அதாவது வேறு கம்பெனிக்கு மாறிவிட்டால், மீதி நாளும் போச்சு, மீதிப் பணமும் போச்சு.

அண்ணாச்சி: என்ன அநியாயம்! அரைக் கிலோ சீனியைத் திருப்பிக் கொண்டு வந்தால்கூட நான் காசைக் கொடுத்துவிடுகிறேன்.

தம்பி: போன மாதம் எங்கள் அம்மா ரவையில் வண்டு இருக்கிறது என்று கொண்டு வந்தார்களே...

அண்ணாச்சி: அது வேறு. அதை அப்புறம் பேசுவோம். நம்பராவது இருக்குமா? கடை போர்டில் பெயிண்ட் அடித்த நம்பர்.

தம்பி: இருக்கும். 2011 ஜனவரிக்கு முன்னால் என்றால் போர்டையே மாற்றி எழுத வேண்டியிருந்திருக்கும். இப்போது 'போர்ட்' என்று இங்கிலீஷில் அடித்து, கொஞ்சம் இடம் விட்டு, உங்கள் நம்பரைப் போட்டு, 1900-க்கு அனுப்பினால் போதும். எட்டு எழுத்தில் ஒரு குறியீடு வரும். அது நான்கு நாள்தான் செல்லும்.

அண்ணாச்சி: நாளைக்கு அஷ்டமி. அதற்கு அடுத்த நாள் நவமி.

தம்பி: அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நான் கடை திறக்க மாட்டேன். அப்படியே குறியீடு காலாவதி ஆகிவிடும். இங்கே பஞ்சாங்கம் பார்த்து மாறுகிறவர்கள் எல்லாரும் இரண்டு தடவை மாறுகிறார்கள். அப்புறம் புது சிம் வரும், மூன்று வேலை நாளில் வேலை முடியும். மாறுகிற ராத்திரி கொஞ்ச நேரம் போன் வேலை செய்யாது, பயப்படாதீர்கள்.

அண்ணாச்சி: வேலை செய்யவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

தம்பி: அதுவும் சரிதான். ஆனால் அவசரப்பட்டு மாறி, அங்கேயும் இதே கதை என்றால்? (கம்ப்யூட்டரைத் திருப்பி) எங்கெங்கே சிக்னல் இருக்கிறது என்று கம்பெனிகளே வரைபடம் போட வேண்டும் என்று டிராய் சொல்லியிருக்கிறது. இதோ உங்கள் கம்பெனி வரைபடம். உங்கள் தெரு முழுக்கப் பச்சை.

அண்ணாச்சி: அது பின்னால் இருக்கிற வயல்.

தம்பி: சிக்னல் அண்ணாச்சி! ஆனால் தெருவில் இருப்பது உங்கள் சமையலறைக்குள் வர வேண்டுமே. உங்கள் வீடு தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை வீடு, ஒன்றரை அடிச் சுவர். 900 மெகாஹெர்ட்ஸ் அலை ஓரளவுக்கு உள்ளே நுழைந்துவிடும். 2300 எல்லாம் தலைத் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை போல வாசலிலேயே நிற்கும். பக்கத்தில் டவர் இருந்தால்தான் இதெல்லாம் சரியாகும். அந்த டவரைத் தெருவுக்குள் விடாமல் விரட்டியது யார்?

அண்ணாச்சி: (குரலைத் தணித்து) ஊர் நன்மைக்காகச் செய்தது தம்பி. கதிர்வீச்சு. குருவியெல்லாம் செத்துப் போகும் என்றார்கள்.

தம்பி: கையெழுத்து வாங்க எங்கள் வீட்டுக்கும் வந்தீர்கள், ஞாபகம் இருக்கிறது. 2012-லேயே மத்திய அரசு டவர் கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேச வரம்பின் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. டவர் தூரமாக இருந்தால் உங்கள் போன்தான் சக்தியைக் கூட்டிக் கத்த வேண்டும், அதுவும் காதோரமாகவே இருந்துகொண்டு. அதனால்தான் மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கிப் போகிறது.

அண்ணாச்சி: அப்படியென்றால் பேட்டரி கெட்டுவிட்டது என்று சொல்லி இந்தக் கடையில் புதுப் பேட்டரி போட்டாயே?

தம்பி: அது வேறு. அதை அப்புறம் பேசுவோம்.

(ரவையும் பேட்டரியும் நேர் செய்யப்பட்டன. இருவரும் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்க்கிறார்கள்.)

தம்பி: உண்மையைச் சொல்லுங்கள் அண்ணாச்சி. குருவிக்காகவா, மச்சினனுக்காகவா?

அண்ணாச்சி: பின்னே என்ன! அவன் மாடியில் டவர். மாதம் பிறந்தால் அவன் கையில் வாடகை. என் மாடி அவன் மாடியைவிட உயரம். என்னை ஒரு வார்த்தை கேட்டானா?

தம்பி: இப்போது டவர் அவர் தென்னந்தோப்பில் நிற்கிறது. தோப்பு உங்கள் வீட்டுக்கு நேர் பின்னால். வாடகையும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அந்த டவரின் கம்பெனிக்கு மாறிவிடுங்கள் அண்ணாச்சி, சமையலறையிலேயே நான்கு கோடு எடுக்கும்.

அண்ணாச்சி: சமையலறையில் எடுக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

தம்பி: (ஜெராக்ஸ் மெஷினைத் துடைக்கிறான்) பொதுவாகச் சொன்னேன்.

அண்ணாச்சி: தம்பி.

தம்பி: அக்கா சித்திரையிலேயே மாறிவிட்டார்கள்.

அண்ணாச்சி: எந்த அக்கா?

தம்பி: உங்கள் வீட்டு அக்காதான். நான்தான் போர்ட் போட்டுக் கொடுத்தேன். உங்களிடம் சொல்லக் கூடாது என்று முறுக்குக்கூடக் கொடுத்து அனுப்பினார்கள்.

அண்ணாச்சி: அதுதானா விஷயம்! அடுப்படியில் நின்று மணிக்கணக்காகப் பேசுகிறாள். தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள் என்று நினைத்து நானும் பாளையங்கோட்டையில் டாக்டரை விசாரித்து வைத்திருக்கிறேன். ரீசார்ஜ் பணம்?

தம்பி: அக்காவின் தம்பிதான் போட்டு விடுகிறார். உங்கள் மச்சினன்.

அண்ணாச்சி: டவர் வாடகையில்!

தம்பி: அதை நான் கேட்கவில்லை.

(அண்ணாச்சி எழுந்து வாசல் வரை போகிறார். போனை உயர்த்திப் பார்க்கிறார். திரும்பி வந்து உட்காருகிறார்.)

அண்ணாச்சி: நான் அந்தக் கம்பெனிக்கு மாறினால், அந்தப் பணத்தில் அவனுக்குக் கூடுதலாக ஏதாவது போகுமா?

தம்பி: ஒரு பைசா போகாது. வாடகை வாடகைதான், பேசுகிற ஆள் கூடினாலும் குறைந்தாலும் அதேதான்.

அண்ணாச்சி: பில்லில் அவன் பெயர் வராதே?

தம்பி: உங்களுக்குப் பில்லே வராது அண்ணாச்சி. ப்ரீபெய்டு.

அண்ணாச்சி: சரி, போடு. இந்த முறை வருஷக் கணக்கெல்லாம் வேண்டாம், 28 நாளுக்குப் போடு. மனுஷனையே அதற்கு மேல் நம்ப முடியவில்லை.

தம்பி: ஆதார் கொடுங்கள். மாற்று எண் ஒன்று வேண்டும், இது மாறுகிற நேரத்தில் கூப்பிட. அக்கா நம்பரைப் போடட்டுமா?

அண்ணாச்சி: வேண்டவே வேண்டாம். அவளுக்குத் தெரியக் கூடாது.

தம்பி: அப்படியென்றால் மருமகன்?

அண்ணாச்சி: அவன் பேச்சைக் கேட்டதால்தான் இந்த நிலைமை. மச்சினன் நம்பரையே போட்டுவிடு. வெட்டிப் பயல், எப்போது கூப்பிட்டாலும் எடுக்க மாட்டான்.

தம்பி: நீங்கள் மாடியில் நின்று கூப்பிட்டதால் அப்படி. இனிமேல் முதல் மணியிலேயே எடுப்பார்.