ஷவர் சொட்டினால் போர் மோட்டாரை மாற்றணுமாம்!

மாடி பாத்ரூம் ஷவரில் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி வருகிறது. பிளம்பரைக் கூப்பிட்டோம். வந்தவர் ஷவரைத் திறந்தார், மூடினார், உதட்டைப் பிதுக்கினார். "போர் மோட்டார் வீக் ஆயிடுச்சு சார், ஒன்றரை எச்பி போட்டுடுங்க."

அட, மொட்டை மாடியில் டேங்க் நிரம்பி வழிகிறதய்யா! அதை நிரப்புவதோடு போர் மோட்டாரின் வேலை முடிந்தது. டேங்கிலிருந்து ஷவருக்கு இறங்கும் தண்ணீருக்கும், 800 அடிக்குக் கீழே கிடக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்? அஞ்சு எச்பி மாட்டினாலும் டேங்க் சீக்கிரம் நிரம்புமே தவிர ஷவர் சீறாது.

ஷவருக்கு அழுத்தம் தருவது டேங்க் இருக்கும் உயரம்தான். 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ பிரஷர். எங்கள் மாடி ஷவருக்கும் டேங்க் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவில் 2 மீட்டர் தேறினால் பெரிது. அதாவது 0.2 கிலோ. டேங்க்கைப் படிக்கட்டு ரூமின் மேலே ஏற்றி வைக்கச் சொல்லிக் கட்டும்போதே கெஞ்சினேன். மேஸ்திரி மொட்டை மாடித் தளத்திலேயே நாலு செங்கல் அடுக்கி உட்கார வைத்துவிட்டுப் போனார். இந்த லட்சணத்தில் கடைக்காரர்கள் ஒரு அடி அகல ரெயின் ஷவரை வேறு தலையில் கட்டுகிறார்கள். அதற்கு எவ்வளவு பிரஷர் வேண்டும் என்று கேட்டால், "நல்லா வரும் சார்" என்பதுதான் பதில்.

சரி, உயரம் குறைவுதான். ஆனால் போன வருஷம் இதே ஷவரில் ஓரளவு நன்றாகத்தானே வந்தது? டேங்க் ஒன்றும் கீழே இறங்கிவிடவில்லையே. அப்படியானால் நடுவில் எங்கோ அடைப்பு. இதை யோசிக்க ஐ.டி.ஐ. படிக்க வேண்டுமா?

"எல்லாக் குழாயிலும் குறைவா, ஒன்றில் மட்டுமா?" இந்த ஒரு கேள்வியை ஒருவராவது கேட்க வேண்டுமே! ஒரு குழாயில் மட்டும் என்றால் வாயிலுள்ள ஜல்லடையில் உப்பு கட்டியிருக்கும். கழற்றி ராத்திரி வினிகரில் போட்டால் காலையில் பாதி வேலை முடிந்தது. சுடுதண்ணீர் மட்டும் குறைந்தால் கீசர் பக்கம் பார்க்க வேண்டும். டேங்க் காலியாகி மறுபடி நிரப்பிய பிறகு குறைந்தால் ஏர் லாக், அதாவது குழாய்க்குள் காற்று மாட்டிக்கொண்டு வழியை மறிக்கிறது. வீடு முழுக்கக் குறைவென்றால் டேங்க் வாயிலுள்ள வால்வு. மோட்டாரைச் சந்தேகப்பட வேண்டியது டேங்க் நிரம்பவே நேரமாகும்போதுதான். அப்போதும் முதலில் பேனல் போர்டில், மோட்டார் இழுக்கும் கரண்டைக் காட்டும் ஆம்பியர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முள் வழக்கத்தைவிட இறங்கி ஆடினால் போரில் தண்ணீர் மட்டம் போய் மோட்டார் காற்றை இழுக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்குப் புது மோட்டார் போட்டால் அதுவும் காற்றைத்தான் இழுக்கும்.

அடுத்து வந்தவர் இன்னும் கெட்டிக்காரர். நேராக பிரஷர் பம்ப் விலைப்பட்டியலை நீட்டினார். லைனில் எங்கே அடைப்பு என்று பார்க்காமல் பம்பை மாட்டச் சொன்னால் எப்படி? பத்து வருஷப் பழைய ஜாயின்ட்டுகள், பம்ப் தள்ளுகிற அழுத்தத்தில் சுவருக்குள் ஒன்று விட்டுக்கொண்டால் டைல்ஸை உடைப்பது யார்?

கடைசியில் கண்டுபிடித்தது டேங்க் கழுவ வந்த பையன். டேங்க்கை விட்டு இறங்கும் லைனில் ஒரு கேட் வால்வு. கைப்பிடி ஜோராகச் சுற்றுகிறது, உள்ளே தகடு தண்டிலிருந்து கழன்று பாதி வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. "அண்ணா, கீழ கிச்சன்லயும் தண்ணி கம்மியாதான வருது?" என்று அவன்தான் கேட்டான். உள்ளே தகட்டுக்குப் பதில் ஓட்டை போட்ட உருண்டை இருக்கும் பால் வால்வு (ball valve) ஒன்று வாங்கி மாற்றினோம், வேலை முடிந்தது.

மோட்டாரை மாற்றச் சொன்னவர் நேற்று போன் பண்ணினார். வந்து பார்த்ததற்கு 300 ரூபாய் பாக்கியாம். என்னத்தைப் பார்த்தார்? மொட்டை மாடிப் படியில் கால் வைத்தாரா அந்த மனுஷன்?