டியூப் டயருக்குள் ஏன் ஊற்றுகிறீர்கள்?

பஞ்சர் அடைக்கும் திரவத்தை நம்பலாமா என்று யார் கேட்டாலும், "உங்கள் மோட்டார் சைக்கிளின் டயருக்குள் டியூப் இருக்கிறதா, இல்லையா?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்கிறேன். பலருக்குப் பதில் தெரிவதில்லை. கடைக்காரர் ஊற்றச் சொன்னார், ஊற்றினார், காசு கொடுத்தோம், வந்துவிட்டோம். அவ்வளவுதான் விவரம்.

பினாங்கில் இந்தத் திரவத்துக்கு இருக்கும் கிராக்கி எனக்கு வியப்பே தருவதில்லை. பட்டர்வொர்த்திலும் பிறையிலும் குடியிருந்துகொண்டு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! பெருநிலத்திலிருந்து தீவுக்குப் போகும் முதல் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். மோட்டார்களுக்கு இடது ஓரம். லாரியிலிருந்து சிந்தும் திருகாணியும் கம்பித் துண்டும் ஒதுங்குவதும் அதே இடது ஓரம். முன் சக்கரம் ஏறிய வேகத்தில் ஆணி எழும்பி நிற்க, பின் சக்கரம் போய் அதை வாங்கிக்கொள்கிறது. நடுப்பாலத்தில் காற்று இறங்கிவிட்டால் கடல் காற்று ஒரு பக்கம் தள்ள, லாரிகள் மறுபக்கம் உரச, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். 2019 முதல் மோட்டாருக்குச் சுங்கம் இல்லை என்பது அந்த நேரத்தில் பெரிய ஆறுதலாகத் தோன்றாது. இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் ஒரு புட்டியைக் காட்டி, "தம்பி, இதை ஊற்றிவிட்டால் பஞ்சரைப் பற்றிக் கவலையே வேண்டாம்" என்றால் யார்தான் மறுப்பார்கள்?

என் சண்டை அந்த வாக்கியத்தோடுதான். புட்டியோடு எனக்குச் சண்டை இல்லை.

இந்தத் திரவம் வேலை செய்யும் விதத்தை நம்மவர்களுக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. பால் மரம், அதாவது ரப்பர் மரம், சீவிப் பிழைத்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நாம். சீவிய கோட்டில் பால் வடிந்து முடிந்ததும் கடைசியில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் ஒட்டுப்பாலைப் பாட்டிமார் உரித்தெடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்கிற வழி அது. ரப்பர் பால் கலந்த திரவமும் அதையேதான் செய்கிறது. ஓட்டை வழியாகக் காற்று சீறும்போது பாலும் கூடவே போகிறது, போகிற இடத்தில் உறைந்து அடைக்கிறது. அதுவரை உறையாமல் இருக்கப் பல தயாரிப்புகளில் அமோனியா சேர்க்கிறார்கள். தோட்டத்துப் பால் ஸ்டோர் பக்கம் போனவர்களுக்கு அந்த நெடி மறக்காது.

கடைகளில் தொங்கும் பச்சை, நீலத் திரவங்கள் பெரும்பாலும் வேறு வகை. எளிதில் ஆவியாகாத கிளைகால் என்ற திரவத்தில் நுண்ணிய நாரும் ரப்பர்த் துகளும் மிதக்கும். ஓட்டையில் அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கி அடைப்பாகின்றன. ரப்பர் பால் வகை நம் வெயிலில் சில மாதங்களிலேயே டயருக்குள் காய்ந்து தோலாகிவிடும். கிளைகால் வகை கூடுதல் நாள் தாங்கும். இரண்டு ஆண்டு என்று பல நிறுவனங்கள் சொல்கின்றன. அதற்குப் பிறகு டயருக்குள் இருப்பது வெறும் சேறு.

எந்த வகையானாலும் அடைப்பு நிற்பதற்குச் சில தேவைகள் உண்டு. ஓட்டை சிறியதாக இருக்க வேண்டும். பல புட்டிகளில் 6 மில்லிமீட்டர் வரை என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஓட்டை தரையைத் தொடும் பகுதியில் இருக்க வேண்டும், ஏனென்றால் சக்கரம் சுழலும்போது திரவம் அங்கேதான் போய்ப் படிகிறது. சுற்றியுள்ள ரப்பர் தடிமனாகவும் அசையாமலும் இருக்க வேண்டும். பக்கச்சுவரில் கிழிந்தால் புட்டியைத் திறக்கவே வேண்டாம். அங்கே ரப்பர் மெல்லியது, ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி நிமிர்வது.

டியூபுக்கு வருவோம். ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற கம்பிச் சக்கர மோட்டார்கள் இன்னும் நம் ஊரில் எங்கும் ஓடுகின்றன. கம்பிகள் வந்து சேரும் துளைகள் காற்றைப் பிடித்து வைக்காது, ஆகவே உள்ளே டியூப் இருந்தே தீரும். அந்த டியூப் பலூன் தோல் போல மெல்லியது. ஆணி டயரைத் தாண்டி டியூபைக் குத்தியதும் காற்று இரண்டுக்கும் இடையே புகுந்து, கம்பித் துளைகள் வழியாகவும் வால்வைச் சுற்றியும் நொடியில் ஓடிவிடும். டியூப் உள்ளே நழுவும், ஆணி அங்கேயே நிற்கும், சின்ன ஓட்டை நீண்ட கிழிசலாகும். நாரும் துகளும் பற்றிக்கொள்ள அங்கே சுவர் எது? டியூபுக்கென்றே தனியாகத் திரவம் விற்கிறார்கள். முள்ளோ மெல்லிய கம்பியோ குத்தினால் அது காப்பாற்றக்கூடும். கட்டுமானத் தளத்து ஆணியிடம் அதன் பாச்சா பலிக்காது.

செபராங் ஜெயாவில் ஒரு கடையில் அப்படி ஊற்றிய டயரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். இரும்புப் பட்டையால் டயரின் ஓரத்தை நெம்பியதும் பச்சைக் கூழ் சிமெண்டுத் தரையில் கொட்டியது. டியூபை உருவினால் சுண்டுவிரல் நீளத்துக்குக் கிழிசல். உள்ளே இருக்க வேண்டிய திரவம் முழுவதும் டயருக்கும் டியூபுக்கும் நடுவே. ஒட்டுப் போடலாம் என்று கடைக்காரர் துடைத்தார், தேய்த்தார், பசை பிடிக்கவில்லை. கடைசியில் டியூபைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டுப் புதியது மாட்டினார். ஊற்றாமல் இருந்திருந்தாலும் அந்த டியூப் பிழைத்திருக்காது என்பது வேறு. ஆனால் திரவத்தின் விலை, புது டியூபின் விலை, கழுவிய கூலி என்று வண்டிக்குச் சொந்தக்காரரான இளைஞர் மூன்று செலவு செய்தார். ஊற்றியவரும் இதே தொழில் செய்கிறவர்தானே? அவருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

டியூப் இல்லாத டயரில் கதையே வேறு, அங்கே நான் இதன் பக்கம்தான் பேசுவேன். யமஹா ஒய்15 போன்ற, கம்பி இல்லாத வார்ப்புச் சக்கர வண்டிகளில் ஆணி ஏறினாலும் தடித்த ரப்பர் அதைக் கவ்விக்கொள்ளும், காற்று மெல்லத்தான் கசியும். திரவம் உள்ளே இருக்கும்போது திருகாணியைப் பிடுங்கினால் ஓட்டையில் பச்சை நுரை குமிழியிட்டுத் துப்பும். அந்த இடம் கீழே வருமாறு சக்கரத்தை உருட்டிவிட வேண்டும், தேங்கிய திரவம் அங்கே கூடட்டும் என்று. பிறகு காற்றடித்துக் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டினால் துப்பல் நின்றுவிடும். பாலத்தைக் கடந்து கடைக்குப் போய்ச் சேர அது போதும்.

கடைக்குப் போய்ச் சேரத்தான். அதற்குமேல் இல்லை. அடைபட்டது அடைபட்டபடியே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். டயரை உள்ளிருந்து பார்க்காதவரை ஆணி எவ்வளவு தூரம் போனது, ரப்பருக்குள் இருக்கும் நூல் அடுக்கு அறுந்ததா என்பது யாருக்கும் தெரியாது. முன்கூட்டியே ஊற்றி வைப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: ஆணி ஏறியதே தெரியாமல் போகலாம். திரவம் அதைச் சுற்றி அடைத்துக்கொள்ளும், நீங்கள் அதிவேகத்தில் அதைச் சுமந்துகொண்டு போவீர்கள். ஊற்றியிருப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக டயரைக் கவனிக்க வேண்டும் என்பதே என் கட்சி. நடப்பதோ தலைகீழ். ஊற்றிய நாளோடு காற்று பார்ப்பதையும் நிறுத்திவிடுகிறார்கள்.

ஒட்டுப் போடக் கொண்டுபோகும்போது உள்ளே திரவம் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அழுத்தக் குப்பியில் வரும் நுரை வகை என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும், சிலவற்றில் தீப்பற்றும் வாயு உண்டு. திரவம் என்றதும் சில கடைகளில் முகம் சுளிப்பார்கள், சிலர் வேலையையே எடுக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வால்வின் உள்ளே இருக்கும் சின்ன ஊசி பிசினால் ஒட்டிப் போயிருக்கும், அலுமினியச் சக்கரத்தில் வெள்ளை உப்புப் போல அரிப்பு பூத்திருக்கும். சுரண்டிக் கழுவுவது அவர்கள் தலையில்.

நான் வைத்திருப்பது புழுப் போன்ற ரப்பர்த் திரி, அதைச் செருகும் ஊசி, கையடக்கப் பம்பு. இருக்கைக்கு அடியில் அடங்கிவிடும். ஓட்டை எங்கே என்று கண்ணால் பார்த்து அடைக்கலாம், டயருக்குள் கூழும் சேராது. கம்பிச் சக்கரத்துக்கு இந்தத் திரியும் உதவாது. அந்த வண்டி ஓட்டுகிறவர்கள் ஒரு மாற்று டியூபை வைத்திருந்தால் எந்தக் கடையிலும் வேலை சீக்கிரம் முடியும்.

முன் சக்கரத்துக்கும் ஊற்றலாமா என்று உள்பெட்டியில் கேட்டிருந்தார்கள். நான் ஊற்ற மாட்டேன். வண்டி நிற்கும்போது திரவம் அடியில் தேங்கும். கிளம்பியதும் அது பரவும்வரை கைப்பிடி லேசாக ஆடும். காய்ந்து ஒரு பக்கம் கட்டியாகிவிட்டால் அந்த ஆட்டம் நிற்கவே நிற்காது. முன் டயரில் ஆணி ஏறினால் காற்றடித்து மெதுவாகக் கடைக்குப் போய் உள்ளிருந்து ஒட்டுப் போடுவேன், காற்று நிற்கவில்லை என்றால் வண்டியை ஏற்றிப் போக ஆளைக் கூப்பிடுவேன்.